யாரும் பயன்படுத்தாத கோப்பு

அந்தக் குடிநீர் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் சிஸ்டம் அக்கா. அவளைவிட ஏழு வயது மூத்த தலைமைப் பொறியாளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. இருபத்துமூன்று வருடமாக அதே கட்டடம், அதே இரண்டாம் மாடி, அதே நாற்காலி. நாற்காலியின் சக்கரங்கள் மட்டும் மூன்று முறை மாறின. நகரத்தில் முப்பத்தொரு நீரேற்று நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பெட்டி இருந்து, தொட்டியில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்லி அனுப்பும். அதை வாங்கிக் கட்டுப்பாட்டு அறையின் திரையில் காட்டுகிற புரோகிராமை எழுதியவள் அவள்தான். பதினெட்டு வருடம் முன்பு, மகள் கைக்குழந்தையாக இருந்தபோது எழுதியது. மகள் வளர்ந்து கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். புரோகிராம் மட்டும் இன்னும் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரையின் கீழ் இருந்ததைக் கூட்டிப் பார்த்தால் மூன்று வருடம்கூடத் தேறாது. அவர் ஐந்து மணி நேரப் பஸ் பயணத்துக்கு அந்தப் பக்கம், நில அளவை அலுவலகத்தில் படம் வரைபவர். அவருடைய வேலை அந்த ஊரை விட்டால் வேறெங்கும் கிடையாது. இவளுடைய அலுவலகத்துக்கு அங்கே ஒரு கிளை உண்டு. ஆகவே மாற்றல் வாங்கிக்கொண்டு போகவேண்டியது இவள்தான் என்று என்றைக்கோ முடிவாகிவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறுவாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்புவாள். இந்த வயதில் இடுப்புக்கு அது ஒத்துவரவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

இரண்டு வருடமாக அவருக்குக் கண்ணில் கோளாறு. நேரே இருப்பது நன்றாகத் தெரியும், பக்கவாட்டில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டு வருகிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் மூன்று வேளை சொட்டு மருந்து. தனக்குத் தானே விட்டுக்கொள்வதில் பாதி கன்னத்தில்தான் விழுகிறது. போன மாதம் மாடிப்படி ஓரத்தில் யாரோ வைத்திருந்த வாளி தெரியாமல் உருண்டு விழுந்து, முழங்காலில் நான்கு தையல். வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்று அவள் ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "படம் வரையறவன் கண்ணு இருக்கற வரைக்கும் வரையணும்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் போனில் 'ம்' தவிர வேறு வார்த்தை வரவில்லை. அந்தப் பேச்சை அவள் அதோடு விட்டுவிட்டாள்.

மாற்றல் மனுவை அவள் கொடுத்தது இது மூன்றாவது முறை. தலைமைப் பொறியாளருக்கு அலுவலகம் வைத்திருந்த பட்டப்பெயர் 'பார்க்கலாம்'. லீவு கேட்டாலும் பார்க்கலாம், மின்விசிறி ஓடவில்லை என்றாலும் பார்க்கலாம். ஒரு தடவை தீ அலாரம் அடித்தபோதும் அவர் தலையைத் தூக்காமல் அதையே சொன்னதாக ஒரு கதை உண்டு. பொய்யாகத்தான் இருக்கும், ஆனால் நம்பாதவர்கள் யாரும் இல்லை. இந்த முறை மனுவை நீட்டும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு அது பிடிக்கவில்லை. யாராவது அழுதால் அவருக்கு முடிவெடுக்க வேண்டி வந்துவிடுகிறது.

"அக்கா, உங்களை விட்டா அந்த மெஷினை யாரு பார்க்கறது? நீங்க ஒரு நாள் லீவு போட்டாலே போன் மேல போன் அடிக்கறாங்க."

"புதுசுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கேன் சார். ஒண்ணு விடாம எழுதியும் வெச்சிருக்கேன்."

"சரி, அதையும் பார்த்துடுவோம். பதினாலு நாள். நீங்க கன்ட்ரோல் ரூம் பக்கம் போகக் கூடாது. அவங்களும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. பதினாலு நாள் நீங்க இல்லாம ஓடிடுச்சுன்னா நான் கையெழுத்துப் போடறேன். முப்பதாம் தேதியோட மாற்றல் லிஸ்ட் மூடறாங்க. நடுவுல ஒரே ஒரு தடவை உங்க உதவி தேவைப்பட்டுச்சுன்னாலும், அடுத்த வருஷம்தான்."

புதுசு என்பவள் முப்பத்துமூன்று வயதுப் பெண். வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஆனால் இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரம் ஆகிறவரைக்கும் பெயரும் மாறாது போலிருக்கிறது. அவளை நிரந்தரமாக்கும் காகிதமும் அதே பார்க்கலாம் சாரின் மேசையில்தான், அதே முப்பதாம் தேதிக்காகக் காத்துக் கிடந்தது.

பதினாலு நாளுக்கு முந்தைய இரண்டு வாரம் அக்கா மாடாக உழைத்தாள். புரோகிராமைப் பழைய மெஷினிலிருந்து புது மெஷினுக்கு மாற்றினாள். எழுபது பக்கத்துக்குக் குறிப்பு எழுதினாள். தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஒரு கட்டளை அனுப்பியிருந்தார்கள்: யாரும் பயன்படுத்தாத கோப்பு எதுவும் மெஷினில் இருக்கக் கூடாது. அதையும் செய்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று கடைசிச் சனிக்கிழமை உட்கார்ந்து நூற்று நாற்பது கோப்புகளை அழித்தாள். ஒரு வீட்டைக் காலி செய்கிறவள் அடுத்து வருகிறவளுக்காகப் பெருக்கித் துடைத்து வைப்பாளே, அப்படி.

திங்கட்கிழமை காலை அவளைத் தாழ்வாரத்தின் கோடியில் இருந்த பழைய பதிவேட்டு அறையில் உட்கார வைத்தார்கள். கம்ப்யூட்டர் கிடையாது. மேசை மேல் ஒரு போன், சுவர் முழுக்க இரும்பு அலமாரி, அதில் நாற்பது வருடத்துப் பதிவேடுகள். வெள்ளைச் சீட்டில் வருடத்தை எழுதி ஒவ்வொரு முதுகிலும் ஒட்டுவதுதான் அவளுடைய வேலை. தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்தது. போன் அடிக்கவில்லை. முதல் இரண்டு நாள், அடிக்காத போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மேசையில் தலை வைத்து அரை மணி நேரம் தூங்கிப்போனாள். அலுவலக நேரத்தில் அவள் தூங்கியது இருபத்துமூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை.

நாட்கள் நகர்ந்தன. நடுவில் வந்த சனி ஞாயிறு ஊருக்குப் போய் அவருக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டு வந்தாள். "இன்னும் எட்டு நாள்தாங்க" என்றாள். அவர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டே, "ம், வா வா" என்றார். சந்தோஷப்பட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் ஏதோ ஒன்று குறைந்தது. கண்ணில் மருந்து ஊறும்போது யாருக்குத்தான் முகம் கோணாது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பதினோராம் நாள், வியாழக்கிழமை. காலையில் பேட்டரி மாற்றுகிறவர்கள் வந்தார்கள். கட்டுப்பாட்டு அறையின் மெஷின்களைப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்ப ஓடவிட வேண்டும். குறிப்பின் நாற்பதாம் பக்கத்தில் அதற்கு வழி எழுதியிருந்தாள், புதுசு அதன்படியே செய்தாள். பத்தே முக்காலுக்கு மெஷின் எழுந்தது. திரை மட்டும் எழவில்லை.

அக்காவுக்கு இது தாழ்வாரத்துச் சத்தத்தில்தான் தெரிந்தது. முதலில் யாரோ வேகமாக நடந்தார்கள், பிறகு ஓடினார்கள். அடுத்த அறைகளில் போன்கள் அடிக்க ஆரம்பித்தன. முப்பத்தொரு நிலையத்திலிருந்தும் ஆட்கள் வாயால் அளவு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பசை தடவிய சீட்டைக் கையில் பிடித்தபடி அவள் அப்படியே நின்றாள். பசை காய்ந்துபோனது.

பதினொன்றரைக்குக் கேன்டீன் அண்ணன் டீ கொண்டுவந்தார். அலுவலகத்தில் நடப்பதெல்லாம் டீக்கு முன்பே அவரிடம் ஆறிவிடும்.

"என்ன அண்ணா சத்தம்?"

"உனக்கு எதுக்கும்மா அது? நீ சீட்டு ஒட்டு."

"அண்ணா."

அவர் கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "ஸ்கிரீன்ல ஒரு நம்பரும் வரல. 'நெட்வொர்க் இல்லை'ன்னு ஒரே வரி நிக்குதாம். அந்தப் பொண்ணு மேசைக்கு அடியில படுத்து ஒவ்வொரு ஒயரா புடுங்கிப் புடுங்கிச் சொருகிட்டு இருக்கு. பார்க்கலாம் சாரு பக்கத்துல நின்னு மணி பார்த்துட்டு இருக்காரு."

நெட்வொர்க் இல்லை. அந்த வரியை எழுதினவளே அவள்தான். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டிய வரி. புரோகிராம் ஆரம்பிக்கும்போது மூன்று இடத்தில் எது தவறினாலும் அதே வரிதான் வரும். மூன்றுக்கும் தனித்தனியாக எழுத அன்றைக்குச் சோம்பல். முதல் இரண்டும் கம்பி சம்பந்தப்பட்டவை. நேற்றுவரை ஓடிய கம்பி முப்பத்தொன்றுக்கும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகாது. மிச்சம் மூன்றாவது.

மூன்றாவது என்னவென்று சொன்னால்தான் மேற்கொண்டு நடந்தது புரியும். ஒரு மெஷின் இன்னொரு மெஷினிடம் பேசப் பல முறைகள் உண்டு. மனிதர்கள் அவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: டிசிபி, யுடிபி, ஐசிஎம்பி என்று. ஆனால் கம்பியில் போகிற தகவலில் இந்தப் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். ஐசிஎம்பி ஒன்று, டிசிபி ஆறு, நிலையத்துப் பெட்டிகள் பேசுகிற யுடிபி பதினேழு. உலகம் முழுக்க இதே எண்கள்தான். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று மெஷினின் இயங்குதளம் ஒரு சின்னக் கோப்பு வைத்திருக்கும். அதன் பெயர் புரோட்டோகால்ஸ். வரிக்கு ஒரு பெயர், பக்கத்தில் அதன் எண். 'யுடிபி என்றால் எத்தனை?' என்று ஒரு புரோகிராம் கேட்டால், இயங்குதளம் அந்தக் கோப்பைத் திறந்து, வரி வரியாகத் தேடி, 'பதினேழு' என்று சொல்லும். அவ்வளவுதான் அந்தக் கோப்பின் பிழைப்பு. யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை, திருத்துவதும் இல்லை.

பலர் இந்தக் கேள்வியெல்லாம் கேட்காமல் நேரடியாகப் பதினேழு என்றே எழுதிவிடுவார்கள். புரோகிராமை எழுதிய முப்பத்துமூன்று வயதில் அக்காவுக்கு அது இளக்காரம். எண்ணை அப்படியே எழுதுகிறவன் சோம்பேறி, நாளைக்கு எண் மாறினால் என்ன செய்வான் என்பாள். எண் இன்றுவரை மாறவில்லை, இனியும் மாறப்போவதில்லை. அவள் புரோகிராம் மட்டும் பதினெட்டு வருடமாக ஒவ்வொரு முறை எழும்போதும் மரியாதையாக அந்தக் கேள்வியைக் கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை. காலையிலேயே மெஷினை நிறுத்தி ஓடவிட்டு எல்லாம் சரியென்று பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் கோப்புகளை அழிக்க உட்கார்ந்தாள். ஒவ்வொரு கோப்பின் பெயரும் தன் புரோகிராமில் எங்காவது வருகிறதா என்று தேடுவது, வரவில்லை என்றால் அழிப்பது. புரோட்டோகால்ஸ் எங்கேயும் வரவில்லை. எப்படி வரும்? புரோகிராம் கேட்பது இயங்குதளத்திடம், கோப்பைத் திறப்பது இயங்குதளம். புரோகிராமுக்கு அந்தக் கோப்பின் பெயரே தெரியாது. இது அவளுக்குத் தெரியாத விஷயமா? புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பது. ஆனால் மணி ஒன்றாகப் பத்து நிமிடம். பஸ் ஒன்றரைக்கு. கோப்புகள் நூற்று முப்பதைத் தாண்டிவிட்டன. அழித்தாள். ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் காலையிலேயே பதினேழை வாங்கி மனதில் வைத்துக்கொண்டிருந்ததால் தொடர்ந்து ஓடியது. பன்னிரண்டு நாள் கழித்து, பேட்டரிக்காரர்கள் நிறுத்தித் திரும்ப எழுப்பியபோது மறுபடி கேட்டிருக்கிறது. பதில் சொல்ல ஆள் இல்லை.

சொந்தச் செலவில் சூனியம் என்பார்கள். இது அந்த ரகம். மாற்றலுக்காகச் செய்த சுத்தமே மாற்றலுக்கு உலை வைத்துவிட்டது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பழைய மெஷினிலிருந்து அந்தக் கோப்பை எடுத்துப் புதியதில் போட்டால் ஒரு நிமிட வேலை. போய்ச் சொன்னால் இந்த வருடம் மாற்றல் இல்லை. சொல்லாவிட்டால்? புதுசு கெட்டிக்காரிதான், ஆனால் கம்பியைத் துரத்திக்கொண்டிருக்கிறாள். கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். அக்கா பெரிய நியாயவாதி என்றெல்லாம் சொல்ல வரவில்லை. அந்த அறையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். மூன்றே மூன்று நாள், மூன்றே மூன்று நாள் என்று மனசு நச்சரித்தது. கன்னத்தில் வழிகிற மருந்தை நினைத்தாள், முழங்கால் தையலை நினைத்தாள். வீடு வீடாக வரவேண்டிய சாயங்காலத் தண்ணீரை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

கேன்டீன் அண்ணன் டம்ளர் எடுக்க வந்தபோது ஒரு குறுக்கு வழி தோன்றியது. வருடம் எழுதுகிற வெள்ளைச் சீட்டின் பின்பக்கத்தில், 'புரோட்டோகால்ஸ் ஃபைல் அழிஞ்சு போச்சு, பழைய மெஷின்லேருந்து காப்பி பண்ணு' என்று எழுதி நான்காக மடித்தாள்.

"இதைப் புதுசு கையில மட்டும் கொடுங்க அண்ணா. யாரும் பார்க்கக் கூடாது."

"இந்த வயசுல எனக்கு இது வேறயா" என்றார் அவர். ஆனாலும் டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டு போனார்.

இருபது நிமிடத்தில் சீட்டு திரும்பி வந்தது. மடிப்புக்கூடப் பிரியவில்லை.

"வாங்க மாட்டேன்னுடுச்சு. அந்தாளு பக்கத்துலேயே நிக்கறாரு, பார்த்தா அக்கா கதை முடிஞ்சுதுங்குது. 'நான் பார்த்துக்கறேன், அக்காவை அந்த ரூமை விட்டு வெளியிலயே வரவேண்டாம்னு சொல்லுங்க. இன்னும் மூணு நாள்தான்'னு சொல்லிச்சு." கதவுவரை போய்த் திரும்பினார். "அழுதிருக்கும் போல. மூஞ்சி வீங்கியிருக்கு."

அக்காவுக்கு ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. கொடுக்கப் பார்த்தோம், அவள் வாங்கவில்லை, இனி நம் மேல் என்ன தப்பு? அடுத்த நொடியே அந்த நிம்மதி அவளுக்கு அசிங்கமாக இருந்தது. சீட்டைக் கிழித்துப் போட்டாள்.

இரண்டு மணிக்கு ஒன்பதாம் நிலையத்தில் தொட்டி வழிந்தது. அங்கிருந்த ஆள் போனில் வரிசைக்குக் காத்திருந்த நேரத்தில் பம்பு நிற்காமல் ஓடியிருக்கிறது. தண்ணீர் மூன்று தெருவில் முழங்கால் அளவு. அதே நேரத்தில் மேட்டுப் பகுதித் தொட்டி காலி, நாலரைக்கு அங்கே திறந்துவிட ஒரு சொட்டு இல்லை. தாழ்வாரத்தில் தலைமைப் பொறியாளர் டைப் அடிக்கிறவரைக் கூப்பிட்டு, நின்ற இடத்திலேயே வாசகம் சொன்னார். பதிவேட்டு அறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

"இன்று காலை பேட்டரி மாற்றியபோது மெஷினைக் கையாள்வதில் காட்டிய கவனக்குறைவால்... போடுங்க, கவனக்குறைவால்... ஏற்பட்ட சேதத்துக்கு இருபத்துநாலு மணி நேரத்துக்குள்..."

கவனக்குறைவு என்று ஒரு காகிதம் விழுந்தால் புதுசு ஆயுசுக்கும் புதுசுதான். அவளை நிரந்தரமாக்க எந்தக் கொம்பனும் கையெழுத்துப் போடமாட்டான். அக்கா எழுந்தாள். உட்கார்ந்தே இருந்ததில் கால் மரத்துப்போயிருந்தது. அலமாரியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்று, பிறகு நடந்தாள். இருபத்துமூன்று வருடத்தில் அந்தத் தாழ்வாரம் அவ்வளவு நீளமாக இருந்ததே இல்லை.

கட்டுப்பாட்டு அறையில் புதுசு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் ஒயர். அக்காவைப் பார்த்ததும் அவள் முகம் இருண்டது. போங்க, போங்க என்று கையால் தள்ளுகிற மாதிரி காட்டினாள்.

"எழுந்திரு. ஒயர்ல ஒண்ணும் இல்ல" என்றாள் அக்கா. "புரோட்டோகால்ஸ் ஃபைல் இருக்கான்னு பாரு."

புதுசு எழுந்து, தட்டிப் பார்த்தாள். "இல்லக்கா."

"பழைய மெஷின்லேருந்து எடுத்துப் போடு. போட்டுட்டுப் புரோகிராமை மறுபடி ஆரம்பி." கீபோர்டை அவள் தொடவில்லை. பின்னாலேயே வந்து நின்ற தலைமைப் பொறியாளர் பக்கம் திரும்பினாள். "சார், அந்த ஃபைலை அழிச்சது நான். இவ பேட்டரி மாத்தினதுல ஒரு தப்பும் இல்ல. நான் ரெண்டு வாரத்துக்கு முன்னாடி அழிச்சேன், இன்னைக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த லெட்டர்ல என் பேரைப் போடுங்க."

திரையில் எண்கள் வர ஆரம்பித்தன. முதலில் நான்கு, பிறகு பதினைந்து, ஒரு நிமிடத்துக்குள் முப்பத்தொன்றும் வந்துவிட்டன. ஒன்பதாம் நிலையம் மட்டும் சிவப்பு.

புதுசுதான் முதலில் பேசினாள். "சார், நான் அக்காவைக் கூப்பிடல. அவங்களாத்தான் வந்தாங்க. கூப்பிட்டாத்தானே சார் கணக்கு?"

"அவங்க வரலேன்னா உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

புதுசுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "தெரியல சார்."

தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மோசமான மனிதர் இல்லை. முடிவெடுக்கத் தெரியாதவர், அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. "இந்த வருஷம் முடியாதுக்கா. லெட்டர் ஒண்ணும் வேண்டாம், நான் பேட்டரிக் கோளாறுன்னு மேல எழுதிக்கறேன். நீங்க... நீங்க உங்க சீட்டுக்கே வந்துடுங்க."

புதுசு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்காவுக்கு அழுகை வரவில்லை. ஒரே அசதியாக இருந்தது. தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, சாயங்காலத் தண்ணீரை மேட்டுப் பகுதிக்கு எப்படித் திருப்பலாம் என்று வால்வு ஆட்களுடன் போனில் பேச ஆரம்பித்தாள். அவளை மறுபடி அங்கே பார்த்ததில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி இருந்தது. அதுதான் அவளுக்கு வலித்தது.

ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்தாள். ஒற்றை அறை, ஒட்டினாற்போல ஒரு சமையலறை. ஊருக்குப் போகிறோமே என்று போன வாரமே பாதிப் பாத்திரத்தை அட்டைப் பெட்டியில் கட்டி வைத்திருந்தாள். அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்து அவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, மாத்தல் இல்லேன்னு ஆயிடுச்சு."

"ஏன், என்ன ஆச்சு?"

சொன்னாள். கோப்பு, பதினேழு, ஒன்றரை மணிப் பஸ், வழிந்த தொட்டி, எல்லாம் சொன்னாள். யார் மேலும் போடவில்லை. "தப்பு என்னோடதுதாங்க. வாயை மூடிட்டு இருந்திருந்தா ஒருவேளை தப்பிச்சிருப்பேன். அந்தப் பொண்ணு மேல விழுறதைப் பார்த்துட்டு இருக்க முடியல. இன்னும் ஒரு வருஷம் உங்களைத் தனியா விடறேன். மன்னிச்சிடுங்க."

அந்தப் பக்கத்திலிருந்து வழக்கமான 'ம்' கூட வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"நான் மூணு மாசமா படம் வரையறதில்ல" என்றார் அவர்.

"என்ன?"

"ஒரு எல்லைக் கோட்டைத் தப்பாப் போட்டுட்டேன். ரெண்டு நிலம் ஒண்ணா ஆயிடுச்சு. ஓரத்துல இருந்த கோடு எனக்குத் தெரியவே இல்ல. அன்னைக்கே என்னை மாடியிலேருந்து கீழே இறக்கிட்டாங்க. வர்றவங்களுக்கு டோக்கன் கொடுக்கற மேசை. அதை யார் வேணாலும் செய்யலாம். நான் இங்கதான் இருந்தாகணும்னு ஒண்ணும் இல்ல."

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். மூன்று மாதம். பன்னிரண்டு தடவை பஸ் ஏறியிருக்கிறாள். பார்க்கலாம் சார் முன்னால் நின்று அழுதிருக்கிறாள். தூசிக்குள் பதினோரு நாள் உட்கார்ந்திருக்கிறாள். இந்த மனுஷன் டோக்கன் மேசையில் உட்கார்ந்துகொண்டு, வா வா என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏங்க சொல்லல?"

"சொன்னா வேலையை விட்டுட்டு வாங்கம்பே. விட்டுட்டா நான் யாரு? அந்தப் படத்தை வெச்சுத்தானே உன்னை இத்தனை வருஷம் அலைய விட்டேன். இப்போ அதுவும் இல்லேன்னு எந்த வாயால சொல்றது? நீ வந்து சேர்ந்த பிறகு மெதுவா சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீ இன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி போய் நின்னு சொல்லியிருக்கே. எனக்கு வெக்கமாயிடுச்சு." குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நான் அங்க வந்துடட்டுமா? இடம் இருக்குமா?"

கோபம் போகவில்லை. அது போக நாளாகும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவர் இடம் இருக்குமா என்று கேட்டது நெஞ்சை அறுத்தது. "இருக்கற இடத்துல இருந்துக்கலாம். நான் சனிக்கிழமை வர்றேன். திரும்பும்போது ரெண்டு பேருமா பஸ் ஏறிடலாம். நம்ம ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்து பஸ்ல போயி எத்தனை வருஷம் ஆச்சு."

"பக்கத்துல உட்கார்ந்தா இப்பல்லாம் நீ எனக்குத் தெரிய மாட்டே" என்றார் அவர். "வழி முழுக்கப் பேசிக்கிட்டே வா."